சுக்கான் பலகையில் விரிசல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

சில வருடங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு சனிக்கிழமை காலை, ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்த 14 வயதுப் பையனின் சுக்கான் பலகை ஒடிந்தது. காற்று அப்படியொன்றும் பலமாக இல்லை. மீட்புப் படகு பக்கத்திலேயே இருந்ததால் அவனைப் பத்திரமாகக் கூட்டிவந்துவிட்டோம். ஒடிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்துப் பாசி படிந்திருந்தது. கால் பங்கு மட்டும்தான் அன்றைக்கு உடைந்த வெள்ளை நார். பலகை பல மாதமாகவே உள்ளுக்குள் உடைந்துதான் இருந்திருக்கிறது. அந்த விரிசலுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்து எந்தச் சுக்கானிலும் கோட்டைப் பார்த்தவுடன் பட்டி டப்பாவைத் திறப்பதில்லை. கோடு எங்கே இருக்கிறது, உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா, பாரம் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. கீழே எழுதியிருப்பது அந்த வரிசையில்தான்.

முதலில் பெயர்கள். படகின் பின்பலகையில் இருக்கும் வளையங்களில் சுக்கானின் முட்கள் இறங்கி உட்காரும். முள்ளோடு சேர்ந்த மேல்பகுதி சுக்கான் தலை. பெரும்பாலும் அலுமினியம், பழைய படகில் மரம். தலையின் இரண்டு கன்னங்களுக்கு நடுவே ஒரு போல்ட்டில் மாட்டியிருப்பது பலகை. கையில் பிடித்துத் திருப்புவது டில்லர். லேசர், ஆப்டிமிஸ்ட், என்டர்பிரைஸ் போன்ற சின்னப் படகுகளில் சுக்கான் இப்படிப் பின்பலகையில்தான் தொங்கும். பலகை ஃபைபராக இருக்கலாம்: வெளியே இரண்டு ஃபைபர் தோல், உள்ளே நுரை. மரமாகவோ பிளைவுட்டாகவோ இருக்கலாம்.

## பாரம் எங்கே விழுகிறது

தண்ணீருக்குள் 60 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பலகையை எடுத்துக்கொள்வோம். படகு 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் போகும்போது டில்லரைச் சடாரென்று திருப்பினால் பலகையின் மீது பக்கவாட்டில் சுமார் 40 கிலோ பாரம் விழும். வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு: 10 நாட்டில் 160 கிலோவுக்கு மேல். இந்தப் பாரம் முழுவதும், தலையின் கன்னங்கள் முடிந்து பலகை வெளியே தலைகாட்டும் அந்த ஒரு இடத்தில்தான் வளைத்து ஒடிக்கப் பார்க்கும். முருங்கைக்கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் முறிகிற மாதிரி.

அதனால் விரிசலின் நீளத்தைவிட அது இருக்கும் இடமும் திசையும் முக்கியம். நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு நெடுக்காக ஓடும் கோடு பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. தலையை ஒட்டிக் குறுக்கே ஓடும் இரண்டு விரற்கடைக் கோடு கொல்லலாம்.

## கழற்றிப் பார்க்கும் முறை

சுக்கானை முழுவதும் கழற்றுங்கள். பலகையைத் தலையிலிருந்தும் உருவுங்கள். மோசமான விரிசல்கள் கன்னத்துக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அப்புறம் நான்கு சோதனை.

தட்டிப் பாருங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். விரற்கடை இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ‘டிக் டிக்’ என்று கூராகக் கேட்கும். தோல் நுரையை விட்டு விலகிய இடத்திலும் தண்ணீர் நிற்கும் இடத்திலும் ‘தொப்’ என்று மந்தமாக இருக்கும். காசிமேட்டில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டு வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். “தேங்காய் வாங்கும்போது தட்டிப் பாக்கிற இல்ல தம்பி? அதே காது இதுக்கும் போதும்” என்றார். மந்தமான இடத்தை மார்க்கரால் வட்டமிட்டுக்கொண்டே வாருங்கள்.

துணியில் அசிட்டோன் அல்லது ஸ்பிரிட் நனைத்து ஒரு தடவை துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். மேற்பரப்பு நொடியில் உலர்ந்துவிடும். விரிசலுக்குள் போன ஈரம் மட்டும் இன்னும் சில நொடி கறுப்புக் கோடாக நிற்கும். கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிட அந்தக் கோடு பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும்.

அடுத்து, பலகையின் மேல்பக்கத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு நுனியைக் கையால் மேலும் கீழும் அழுத்துங்கள். கோடு வாய் திறந்து மூடினால் அது மேல்பூச்சு விரிசல் இல்லை. ‘க்ரிக்’ என்று சத்தம் வந்தாலும் அப்படித்தான்.

கடைசியாக எடை. அதே மாதிரிப் பலகை இன்னொன்று இருந்தால் இரண்டையும் தராசில் போடுங்கள். கால் கிலோ கூடுதலாக இருந்தால் உள்ளே கடல் இருக்கிறது.

## மேலே நட்சத்திரம் மாதிரி மெல்லிய கோடுகள் மட்டும்

தட்டினால் சத்தம் கூர்மை, அழுத்தினால் கோடு திறக்கவில்லை, எடையும் சரி. இது ஜெல்கோட் விரிசல், அதாவது ஃபைபரின் மேல்பூச்சில் மட்டும் விழுந்த கோடு. எதன் மீதோ மோதியதாலும் வரும், ஜெல்கோட் தடிப்பாக அடிக்கப்பட்டிருந்தாலும் வரும். ஒரு சீசன் இப்படியே ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. சரிசெய்ய வேண்டுமென்றால், கோட்டின் மேலேயே பூசுவதால் பயனில்லை, ஒரு மாதத்தில் திரும்ப வரும். சுரண்டியின் முனையால் கோட்டை வி வடிவத்தில் திறந்து, அடியில் நல்ல ஃபைபர் தெரிகிறதா என்று பார்த்து, ஜெல்கோட்டை நிரப்புங்கள். சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும். பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி மூடிவிட்டால் கெட்டியாகிவிடும். அப்புறம் 400, 800, 1200 என்று தண்ணீர் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள்.

திறந்து பார்க்கும்போது அடியில் ஃபைபர் வெளுத்து நார் நாராகத் தெரிந்தால் நிறுத்துங்கள். இது வேறு வியாதி. குறுக்கு விரிசல் பகுதிக்குப் போங்கள்.

## முன்விளிம்பு அல்லது பின்விளிம்பு வாய் பிளந்திருக்கிறது

ஃபைபர் பலகை பெரும்பாலும் இரண்டு பாதியாக அச்சில் வார்த்து ஒட்டப்பட்டது. அந்தத் தையல் விடும்போது விளிம்பு நெடுக ஒரு கோடு வரும். கத்தி முனையை விட்டால் உள்ளே போகும். மணலில் தட்டுவது, டிராலியில் இடிப்பது, படகோட்டி இறங்கும் முன்பே பலகை தரையைத் தொடுவது எல்லாம் காரணம். எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: வெயில். உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகுந்த பலகையை மே மாத வெயிலில் சிமென்ட் தரையில் போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து தையலைப் பிரித்துத் தள்ளும்.

ஹாக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பிளந்த நீளம் முழுவதும் உள்ளே விட்டு இழுத்து, பழைய பசையையும் அழுக்கையும் சுரண்டி எடுங்கள். இரண்டு முனையிலும் நல்ல பிடிப்பு தென்படும் வரை போக வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, எப்பாக்சியில் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) சிலிக்கா தூளைக் கலந்து, வேர்க்கடலை வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவந்து, ஊசி இல்லாத மருத்துவ சிரிஞ்சில் அடைத்து உள்ளே தள்ளுங்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ரீப்பர் கட்டை வைத்து கிளாம்ப் போடுங்கள். விளிம்பு நெடுக ஒரே சீராகப் பசை எட்டிப் பார்க்க வேண்டும். ரொம்ப முடுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து ஒட்டு வறண்டுவிடும்.

முன்விளிம்புக்கு மேலே 50 மி.மீ. அகலக் கண்ணாடி நார் டேப்பை மடித்துச் சுற்றி ஒட்டிவிடுவது நல்லது. அடிபடும் இடம் அது. பின்விளிம்பில் சுற்ற முடியாது, தடித்துவிடும். அங்கே ஒட்டு மட்டும் போதும்.

## கரையில் வைத்த பிறகும் பலகையிலிருந்து தண்ணீர் கசிகிறது

காலையில் ஓட்டி, மதியம் கழுவித் துடைத்து, மாலையில் வந்து பார்த்தால் விரிசலின் கீழ்முனையில் ஒரு சொட்டு நிற்கும். நாக்கில் தொட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் அது கழுவிய தண்ணீர் இல்லை, உள்ளே குடியிருக்கும் கடல் தண்ணீர். சொட்டு பழுப்பு நிறமாக இருந்தால் உள்ளே இரும்போ நுரையோ கெட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் யாரும் மேலே பூசி மூடிவிடக் கூடாது. காசிமேட்டுப் பெரியவரிடம் நான் கொண்டுபோன முதல் பலகையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “உள்ள தண்ணி நிக்குது தம்பி. நீ வாயை மூடிட்டா வெயில்ல அது எங்க போவும்? நல்லா இருக்கிற இடத்தையும் பிச்சிக்கினுதான் வெளிய வரும்.”

கீழ்முனையில் இரண்டு, மேலே இரண்டு என 5 மி.மீ. துளை போடுங்கள். மேல்துளை வழியாக நல்ல தண்ணீரை விட்டுக் கீழ்த்துளை வழியாக வடியவிடுங்கள். இதை இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஏற்கெனவே ஈரமாக இருப்பதற்கு இன்னும் தண்ணீரா என்று தோன்றும். உப்பு உள்ளே இருக்கிற வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பலகை காயவே காயாது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்தாலே இது தெரியும். சொட்டில் கரிப்பு போன பிறகுதான் காயவைக்கும் வேலை.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் நுனி கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு, பலகையின் மீதே மார்க்கரால் தேதியும் எடையும் எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே இது நடக்காத காரியம். அப்போது அட்டைப் பெட்டிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பை, அட்டையிலும் பலகையிலும் படாமல் தொங்கவிட்டு, பலகையையும் உள்ளே வைக்கலாம். கை வைத்தால் தாங்கும் சூடுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நுரையும், ஃபைபர் நாரைப் பிடித்திருக்கும் ரெசினும் இளகும். ஆள் பக்கத்தில் இல்லாமல் பல்பை எரியவிடாதீர்கள்.

துளையிலிருந்து வரும் நுரைத் தூள் உலர்ந்த மாவு மாதிரி இருந்தால் நுரை பிழைத்துக்கொண்டது. பழுப்பாக, ஈரமான பிண்ணாக்கு மாதிரி வந்தால் அந்த இடத்தில் ஒரு பக்கத் தோலை வெட்டி எடுத்து, கெட்ட நுரையைத் தோண்டி, புது நுரைத் துண்டை எப்பாக்சி வைத்து ஒட்டி, தோலைத் திரும்ப மூட வேண்டும். தோலை மூடும் முறை அடுத்த பகுதியில்.

## தலையை ஒட்டிக் குறுக்கே ஓடும் விரிசல்

அந்தப் பையனின் பலகையில் இருந்தது இதுதான். இதற்கு நான் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். விரிசல் ஒரு பக்கத் தோலில் மட்டும் இருந்தால் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால், அல்லது முன்விளிம்பைச் சுற்றி மறுபக்கம் போயிருந்தால், அந்தப் பலகைக்கு வேலை முடிந்தது. புதிது வாங்குங்கள், அல்லது பழையதை அளவாக வைத்து மரத்தில் செய்துகொள்ளுங்கள். ஒட்டவே முடியாது என்பதில்லை. நன்றாகத் தெரிந்தவர் ஒட்டினால் நிற்கும். ஆனால் அதை நம்பி ஒரு பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வராது.

ஒரு பக்க விரிசலுக்கு வருவோம். எதையும் தேய்க்கும் முன் பலகையை நேரான மேசையில் வைத்து, வளைவு முறுக்கு இல்லாமல் கிளாம்ப் போடுங்கள். வளைந்த நிலையில் ஒட்டினால் வளைந்தே நிற்கும்.

பிறகு விரிசலை மையமாக வைத்து இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அளவு 12-க்கு 1. தோல் 2 மி.மீ. தடிப்பு என்றால் விரிசலின் ஒவ்வொரு பக்கத்திலும் 24 மி.மீ. தூரத்துக்குச் சரிவு. விரிசல் இருக்கும் இடத்தில் முழு ஆழம், ஓரத்தில் பூஜ்ஜியம். ஆழமில்லாத அகலமான தாம்பாளம் மாதிரி இருக்கும். முதல்முறை செய்பவர்கள் இங்கே தயங்குவார்கள். நல்ல ஃபைபரைப் போய் இவ்வளவு தூரம் தேய்ப்பதா என்று கை வராது. ஆனால் புது ஃபைபருக்கும் பழையதுக்கும் நடுவே பசை மட்டுமே பிடிப்பு. அந்தப் பிடிப்புக்குப் பரப்பு வேண்டும். குறுகிய பள்ளத்தில் நிரப்பினால் அது வெறும் பட்டிதான். கிரைண்டரில் 40 நம்பர் உப்புத்தாளைப் போட்டு ஆரம்பித்து, 80 உப்புத்தாளில் கையால் முடியுங்கள். மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஃபைபர் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும், நுரையீரலுக்குள் போனால் அதைவிட மோசம்.

தேய்த்த சரிவில் வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும். எத்தனை அடுக்கு, நார் எந்தத் திசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைத்தான் திருப்பி வைக்கப் போகிறீர்கள்.

இனி ரெசின். மீன்பிடி ஃபைபர் போட்டுகளுக்குப் பயன்படும் பாலியஸ்டர் ரெசின் மலிவு, எங்கும் கிடைக்கும். முழுப் படகு வார்க்க அது நல்ல பொருள். ஆனால் பழைய ஃபைபரின் மீது பிடிக்க எப்பாக்சிக்கு இணை அது இல்லை, சுக்கானுக்கு எப்பாக்சிதான் என் தேர்வு. பாலியஸ்டர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்துவிடாதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகுதான் மற்றது.

நம் ஊரில் அதிகம் புழங்கும் எப்பாக்சி எல்ஒய் 556, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் எச்ஒய் 951. எடையில் 100-க்கு 10. கண் அளவிலோ மூடி அளவிலோ கலக்காதீர்கள். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் எப்பாக்சி பலவீனமாகும், வேகமும் கூடாது. வேறு பிராண்டு என்றால் விகிதம் வேறு, டப்பாவைப் படியுங்கள். 33 டிகிரி வெயிலில் கலவை மளமளவென்று சூடாகும். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். டம்ளரில் வைத்தால் புகை வரும்.

நேரம் மாலை நான்கு மணிக்கு மேல். காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர ரெசின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும். மாலையில் பலகை குளிர்ந்துகொண்டே போவதால் ரெசின் உள்பக்கம் இழுக்கப்படும்.

துணி விஷயத்திலும் கவனம். கடையில் முதலில் எடுத்துக் காட்டும் வெட்டு நார் மேட் பாலியஸ்டருக்கானது. அதில் நாரைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் கரையும், எப்பாக்சியில் கரையாது. மேட் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணியோ தைத்த துணியோ கேளுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் துணி, கையால் ஒட்டினால் ஓர் அடுக்கு சுமார் 0.3 மி.மீ. வரும். 2 மி.மீ. தோலுக்கு ஆறேழு அடுக்கு. பாதி அடுக்குகளில் நார் பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும், வளைவைத் தாங்குவது அதுதான். மீதி, குறுக்குச் சாய்வாக 45 டிகிரியில், முறுக்கைத் தாங்க.

சரிவை அசிட்டோனில் துடைத்து, வெறும் எப்பாக்சியைப் பிரஷ்ஷால் தேய்த்து ஊறவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக வைத்து, உருளையால் காற்றை வெளியே தள்ளுங்கள். சரியாக நனைந்த துணி கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். வெள்ளையாகத் தெரியும் இடம் காய்ந்த இடம். ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: பலகை இந்த இடத்தில்தான் தலையின் கன்னங்களுக்குள் நுழைகிறது. உறுதிக்காக மேலே மேலே அடுக்கினால் உள்ளே போகாது, கன்னத்தைப் பிளக்கும். பழைய மட்டத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூட வேண்டாம். பந்தயத்தில் ஓடும் படகு என்றால் இது விதியும்கூட. லேசர் (இப்போதைய பெயர் ஐஎல்சிஏ) வகுப்பு விதிகள் பழுது பார்ப்பதை அனுமதிக்கின்றன, பலகையின் அடிப்படை வடிவமும் தன்மையும் மாறக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மறுநாள் மேற்பரப்பில் மெழுகு தடவிய மாதிரி ஒரு படலம் இருக்கும். கடலோர ஈரக் காற்றில் இது நிச்சயம் வரும். உப்புத்தாள் போடும் முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவிவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலம் உள்ளே அமுங்கி, அடுத்து அடிக்கும் பெயின்ட் உரியும். முடிவாக இரண்டு பாகப் பாலியூரித்தேன் (பியு) பெயின்ட். சாதாரண ஜெல்கோட் எப்பாக்சியின் மேல் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

## போல்ட் துளையைச் சுற்றி விரிசல்

துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகியிருக்கும், அதிலிருந்து இரண்டு மூன்று கோடுகள் பிரியும். டில்லரை ஆட்டினால் ‘டொக் டொக்’ என்று இடைவெளி கையில் தெரியும். ஆட்டம்தான் முதல் காரணம், விரிசல் அதன் விளைவு. சில சமயம் நேர்மாறாக, ஆட்டம் போகட்டும் என்று யாரோ போல்ட்டை மூச்சைப் பிடித்து முடுக்கி, உள்ளே நுரையை நசுக்கியிருப்பார்கள்.

வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டி, துளைக்குள் விட்டுச் சுற்றுங்கள். தோல் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் நுரை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு அரைபட்டு வந்துவிடும். தூளை உதறிவிட்டு, ஒரு பக்கம் டேப் ஒட்டி, சிலிக்கா கலந்த கெட்டி எப்பாக்சியை நிரப்புங்கள். காய்ந்த பிறகு புதுத் துளை. இனி போல்ட் முடுக்கும் பாரம் நுரையில் விழாது, கல் மாதிரி இறுகிய எப்பாக்சித் தூணில் விழும். தண்ணீரும் துளை வழியாக நுரைக்குள் போகாது. இதை விரிசல் வரும் முன்பே, புதுப் பலகைக்கே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டி ‘ஒட்டவில்லை பாருங்க, ஒரிஜினல்’ என்பார்கள். 304-லும் காந்தம் அநேகமாக ஒட்டாது, அதனால் இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. தலையில் பொறித்திருக்கும் ஏ4 என்ற குறியைப் பாருங்கள், ஏ2 என்றால் அது 304. சீலன்ட்டுக்கு சிலிக்கானைத் தொடாதீர்கள். அது பட்ட இடத்தில் பிறகு எப்பாக்சியும் பெயின்ட்டும் ஒட்டாது. பாலியூரித்தேன் சீலன்ட் போதும்.

## மரப் பலகையில் நெடுக்குப் பிளவு

பெயின்ட் நேர்கோட்டில் கொப்புளித்திருந்தால் அடியில் பிளவு. மரத்தில் இது ஃபைபரைவிட நல்ல செய்தி. மரம் நார் வாக்கில்தான் பிளக்கும். நார் வாக்கில் ஒட்டிய ஒட்டு, சரியாக ஒட்டினால், பக்கத்து மரத்தைவிட உறுதி. பெயின்ட்டைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, முதலில் வெறும் எப்பாக்சியை ஊற்றி மரம் குடிக்கும் வரை விட்டு, அப்புறம் சிலிக்கா கலந்ததை நிரப்பிக் கிளாம்ப் போடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

பிளைவுட் பலகை என்றால் ஓரத்தில் அடுக்குப் பிரிந்து வீங்கியிருக்கும். ஒரு விரல் ஆழம் என்றால் ஒட்டலாம். உள்ளங்கை அளவுக்குப் பிரிந்திருந்தால் புதிதாக வெட்டிவிடுங்கள். நல்ல மரைன் பிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். இந்தியப் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமி கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றியபோது, காற்றால் இயங்கும் சுக்கான் கருவியின் பலகை ஒடிந்துபோக, படகின் கழிப்பறைக் கதவை அறுத்துப் பலகை செய்துகொண்டார். 2023-இல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். பலகை செய்வது அவ்வளவு எட்டாத வேலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

## வேகம் கூடினால் பலகை ரீங்காரமிடுகிறது

இது விரிசல் இல்லை, பின்விளிம்பின் வடிவம். விளிம்பு உருண்டையாக இருந்தால் நீர் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழித்துப் பலகையை அதிரவைக்கும். விளிம்பை 2 மி.மீ. அகலத்துக்குச் சதுரமாகவோ ஒரு பக்கம் சாய்வாகவோ தேயுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். தலைக்குள் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

## டில்லர் திரும்புகிறது, படகு திரும்பவில்லை

இது கொஞ்சம் பெரிய படகுகளில், சுக்கானின் உள்ளே ஸ்டீல் தண்டு போகும் வகையில் வரும். தண்டில் பற்றவைத்த தகடுகள் நுரைக்குள் புதைந்திருக்கும். விரிசல் வழியாகப் போன உப்புத் தண்ணீர் காற்றில்லாமல் அங்கே தேங்கி நிற்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரித்துப்போகும். அது துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதன் மேல் ஒரு மெல்லிய படலத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதால்தான். டில்லரைக் கட்டிவிட்டுப் பலகையைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் உள்ளே பற்றவைப்பு விட்டுவிட்டது. தண்டு பலகைக்குள் நுழையும் இடத்தில் பழுப்புக் கோடு வழிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். இதற்கு வெளியே செய்ய ஒன்றுமில்லை. தோலை வெட்டித் திறந்து, புதிதாகப் பற்றவைத்து மூட வேண்டும், பட்டறை வேலை.

## தண்ணீரில் இருக்கும்போதே ஒடிந்தால்

படகை விட்டு நீந்தாதீர்கள். பாயைத் தளர்த்தி நிதானப்படுங்கள். ஒற்றைப் பாய்ப் படகில் பாயை இழுத்தால் மூக்கு காற்றை நோக்கிப் போகும், விட்டால் விலகும். உடலைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் படகை உங்கள் பக்கம் சரித்தால் மூக்கு காற்றிலிருந்து விலகும், மறுபக்கம் சரியவிட்டால் காற்றை நோக்கித் திரும்பும். இரண்டையும் சேர்த்துப் பழகினால் சுக்கான் இல்லாமலே ஓரளவு நேராகப் போகலாம். துடுப்பு இருந்தால் பின்பலகையில் வைத்துப் பிடியுங்கள். இந்தப் பயிற்சியைக் காற்று குறைந்த ஒரு நாளில், நல்ல சுக்கானைத் தூக்கி வைத்துவிட்டு முன்கூட்டியே செய்து பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது இது முதல் மாதப் பாடம்.

## சரிசெய்த பலகையைச் சோதிப்பது

எப்பாக்சி ஒட்டி ஏழு நாள் விடுங்கள். பிறகு சுக்கான் தலையை மேசையோடு இறுக்கி, பலகை மேசைக்கு வெளியே படுக்கைவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஒட்டிய பக்கம் மேலே இருக்கட்டும். 60 செ.மீ. நுனியில் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மேலே கணக்குப் போட்ட 5 நாட் பாரம், பலகையின் நடுவில் 40 கிலோ என்று எடுத்துக்கொண்டால், தலையில் தரும் அதே வளைப்பைத்தான் இந்த ஒரு கேனும் தருகிறது. ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் இரண்டாவது கேன். கீழே பழைய மெத்தை போட்டு வையுங்கள், கால் அடியில் இருக்கக் கூடாது. இறக்கிய பிறகு பலகை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், அசிட்டோன் துடைப்பில் புதுக் கோடு வரக் கூடாது. அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கும் அதே சோதனை.

முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது நானே ஓட்டுகிறேன், துறைமுகச் சுவருக்குள்ளே, மெல்லிய காற்றில், அரை மணி நேரம். இறக்கும் முன் பழைய விரிசலின் இரண்டு முனைகளும் இருந்த இடத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதியிருப்பேன். கரைக்கு வந்ததும் கழுவித் துடைத்து முதலில் பார்ப்பது அந்த இரண்டு கோடுகளைத்தான். அங்கே ஒரு இழை தெரிந்தாலும் அந்தப் பலகையை இரண்டாக அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி.